காய்கிற வரிசை

விடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அண்ணி புறங்கையைக் கண்ணாடியின் மேல் வைத்துப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது.

"விடலாம்" என்றாள்.

தொட்டிப் பக்கம் வால்வு திரும்பியது. மண்ணில் சுருண்டு கிடந்த ரப்பர் குழாய் உடம்பை முறுக்கிக்கொண்டு எழுந்தது. தண்ணீர் சோலார் பேனலின் மேல் விளிம்பில் விழுந்து சரிந்தது. பத்து நாள் தூசி முதலில் தண்ணீரைக் குடித்தது. பிறகு குழம்பானது. அதன் பிறகுதான் ஓடியது. நீளக் கம்பின் நுனியில் கட்டிய பிரஷ்ஷை அவள் மேலிருந்து கீழே இழுத்தாள். மேல் விளிம்பை எட்டக் குதிகாலைத் தூக்க வேண்டும். ஒரு வரிசைக்கு நாற்பது பேனல். நாற்பது முறை குதிகால் எழும், நாற்பது முறை கழுத்து அண்ணாந்து விழும். அழுக்குத் தண்ணீர் கம்பு வழியே இறங்கி, முழங்கை வழியே அக்குளுக்குள் போகும். கால் சேற்றில். மேலே குளிர், கீழே குளிர், நடுவில் வேர்வை.

மூன்று மூன்று பேராக ஆறு கூட்டம். ஒவ்வொரு கூட்டமும் வெயில் கண்ணாடியைத் தொடுவதற்குள் மூன்று வரிசை முடிக்க வேண்டும். வெயில் ஏறியபின் தண்ணீர் விடக் கூடாது. சூடான கண்ணாடி சட்டென்று குளிர்ந்தால் வெடிக்கும். வெளிச்சம் பட்டுவிட்டால் பேனலுக்குள் மின்சாரம் ஓடத் தொடங்கிவிடும். இதை யாரும் எழுதி மாட்டி வைக்கவில்லை. புறங்கை சொல்லும். உள்ளங்கை காய்த்துப்போனது, அது பொய் சொல்லும்.

அவளுக்கு வயது நாற்பதைத் தொட்டிருக்கும். அவளுடைய கொழுந்தன் இங்கே அவளை அண்ணி என்று கூப்பிட்டான். பிறகு மற்ற எல்லோருக்கும் அவள் அண்ணி ஆகிவிட்டாள். அவளைவிடப் பத்து வயது மூத்த தொட்டிக்காரருக்கும்கூட.

"அண்ணி, முதல் வரிசையைத் துடைச்சாச்சா?" என்று கொழுந்தன் இருட்டுக்குள்ளிருந்து கேட்டான். "இன்னைக்கு மாப்பிள்ளை வர்றார். மூஞ்சி தெரியணும்."

மாப்பிள்ளை என்றால் முதலாளி. முதலாளி வந்து நிற்கும் இடம் வாசல் பக்கத்து முதல் இரண்டு வரிசைகள். நாற்பது நாளாக அங்கே ஒரு சோதனை நடக்கிறது. உச்சி வெயிலில் பேனல் சூடேறினால் மின்சாரம் குறைகிறது. மேல் விளிம்பில் ஓட்டை போட்ட குழாயை வைத்து, அதிலிருந்து தண்ணீரை மெல்ல வழியவிட்டால் கண்ணாடி குளிரும், மின்சாரம் கூடும். எவ்வளவு கூடும் என்று பார்க்க முதல் வரிசைக்குக் குழாய் போட்டார்கள். இரண்டாம் வரிசையைச் சும்மா விட்டார்கள். நடுவில் ஒரு கம்பம், கம்பத்தில் இரண்டு மீட்டர். ஆட்கள் முதலாவதற்கு நனைகிற வரிசை என்று பேர் வைத்தார்கள், அடுத்ததற்குக் காய்கிற வரிசை.

"இதுல ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது" என்று இன்ஜினியர் முதல் நாளே காய்கிற வரிசையைக் காட்டிச் சொல்லியிருந்தார்.

படவில்லை. அண்ணி அப்படிப்பட்டவள். நனைகிற வரிசையை மட்டும் ஒவ்வொரு விடியலும் கழுவினாள். எல்லோர் கண்ணும் படுகிற இடம் என்பதால் பிரஷ் போட்டபின் ரப்பர் கட்டையால் வழித்து, தோளில் கிடந்த துணியால் மூலைகளைத் துடைத்தாள். கண்ணாடியில் நட்சத்திரம் தெரிகிற வரைக்கும் துடைத்தாள்.

*

ஒன்பது மணிக்கு முதலாளி வந்தார். வண்டியைவிட்டு இறங்குமுன் குடை இறங்கியது. இன்ஜினியர் குடையைப் பிடித்தார். இருபத்தாறு வயது இளைஞர், புதிதாகக் கல்யாணமானவர், எப்போதும் யாரோ பின்னாலிருந்து கூப்பிடுவதுபோல் திரும்பிப் பார்க்கிறவர்.

முதலாளி கம்பத்து மீட்டர் இரண்டையும் பார்த்தார். சிரித்தார்.

"நூத்துக்கு இருபத்திரண்டு கூடியிருக்கு" என்றார், ஆட்களைப் பார்த்து. "தண்ணி விட்ட வரிசை அந்த அளவுக்குக் குடுக்குது. உங்க உழைப்புதான். சந்தோஷம். எல்லா வரிசைக்கும் குழாய் போடப் போறோம். பணம் போடுறவங்க நாளைக்குப் பத்து மணிக்கு நேர்ல பார்க்க வர்றாங்க."

யாரோ ஒருவர் கைதட்டத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"அதுக்குத் தண்ணி நிறைய வேணும்" என்றார் முதலாளி. "ஆழ்துளைக் கிணத்துல வர்றதைக் கூட்ட முடியாது. அதனால இன்னைக்குச் சாயந்தரம் வரைக்கும்தான் லைன் வீட்டுக்குக் குழாய்த் தண்ணி. நாளையிலேர்ந்து அந்தத் தண்ணியும் பேனலுக்கு."

வேலிக்கு அந்தப் பக்கம் பதினோரு அறை, ஒரே கூரை. எல்லா அறைக்கும் பொதுவாக ஒரு குழாய், மாலை ஒரு மணி நேரம். கிணற்றுத் தண்ணீர் உப்பு. கொட்டகையில் இருக்கும் இயந்திரம் அதைச் சுத்தப்படுத்தி, நல்லதைத் தொட்டிக்கும் மீதி உப்பை வாய்க்காலுக்கும் அனுப்பும். உப்புத் தண்ணீரைப் பேனலில் விட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும் என்பதால்தான் அந்த இயந்திரமே வந்தது. கண்ணாடிக்கு வந்த தண்ணீரில் மனிதர்களுக்கும் ஒரு மணி நேரம் கிடைத்து வந்தது.

"அப்ப நாங்க எதைக் குடிக்கிறதுங்க?" என்று தொட்டிக்காரர் கேட்டார். அவர் பேசுவதே அபூர்வம்.

"வாய்க்கால்ல போகுதே. வீணாத்தானே போகுது?"

"அது மாடுகூட குடிக்காதுங்க."

"கொதிக்க வச்சுக் குடிங்க."

"உப்பு கொதிச்சா போகுமா முதலாளி?" என்றான் கொழுந்தன். "கூட இன்னும் நாலு பிடி ஆகும்."

முதலாளி அவனைப் பார்த்தார். அவனுடைய வலக்கையைப் பார்த்தார். சோதனை தொடங்கிய பன்னிரண்டாம் நாள் உச்சி வெயிலில் நனைகிற வரிசையில் ஒரு கண்ணாடி வெடித்தது. சரிபார்க்கப் போனவன் ஈரச் சட்டத்தில் கை வைத்தான். மின்சாரம் அவனைத் தூக்கி எறிந்தது. அன்றிலிருந்து வலக்கையில் மூன்று விரலுக்கு உணர்ச்சி இல்லை. கையுறை போடாதது அவன் தப்பு என்று முடித்துவிட்டார்கள்.

"உனக்குத்தான் தம்பி நன்றி இருக்கணும்" என்றார் முதலாளி. "அந்தக் கையோட வேற எவன் வேலை குடுப்பான்?"

"உண்மைதாங்க. இந்தக் கையைக் குடுத்ததே நீங்கதானே."

யாரும் சிரிக்கவில்லை. முதலாளிதான் சிரித்தார்.

"இதோ பாருங்கப்பா. பேனலுக்குச் சூடு தாங்கலைன்னா உற்பத்தியைக் குறைச்சுக் காட்டிடுது. உங்களை மாதிரி வாயைத் திறந்து கேட்காது. அதனால அது பக்கம் நான்தான் பேசணும்."

குடை நகர்ந்தது. நிழலும் அதோடு போனது.

 அண்ணிக்கு ஒரு பாட்டில் ஞாபகம் வந்தது.

*

அந்தப் பாட்டில் அவள் கணவனுடையது. இரண்டு லிட்டர் பிடிக்கும். ஆணியால் அதில் எட்டுக் கோடு கீறியிருந்தான். இந்தப் பேனல்களைத் தாங்கும் தூண்களுக்குக் குழி வெட்டியவர்களில் அவனும் ஒருவன். இரண்டு கோடை முழுக்க வெட்டினான். நிழலும் இல்லை, தண்ணீர் வண்டியும் நினைத்தால்தான் வரும். மூன்றாம் கோடையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். கல்லும் இருக்கிறது, சிறுநீரகம் சுருங்கவும் தொடங்கியிருக்கிறது என்றார் டாக்டர். நல்ல தண்ணீர் நாளைக்கு இரண்டு பாட்டில் உள்ளே போக வேண்டும், உப்புத் தண்ணீர் வாயிலேயே படக் கூடாது என்றார். மருந்துச் சீட்டில் கடைசி வரியாக அதையும் எழுதிக் கொடுத்தார்.

அவள் அறைக்குள் நுழைந்தபோது அவன் சுவரில் சாய்ந்திருந்தான். பாட்டிலில் மூன்றாம் கோடு வரை குறைந்திருந்தது.

சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான்.

"எவ்வளவு கூடிச்சாம்?"

"இருபத்திரண்டு."

"பரவாயில்லையே. நான் வெட்டின குழி நல்லா வேலை செய்யுது."

"விளையாட்டு வேண்டாங்க."

"சரி, வேண்டாம்." அவன் பாட்டிலைத் தூக்கி ஒரு மிடறு குடித்தான். அடுத்த கோட்டுக்கு மேலேயே நிறுத்திக்கொண்டான். அதை அவள் பார்த்தாள். இத்தனை நாள் கோட்டுக்குக் கீழே இறங்கித்தான் நிறுத்துவான்.

"நல்லா குடிங்க."

"குடிக்கிறேன். அவசரம் என்ன?"

வேறு எங்கே போவது என்று அவள் யோசித்தாள். அடுத்த நல்ல குழாய் கூட்டுரோட்டில், நடந்தால் ஒரு மணி நேரம். அவன் உட்கார்ந்து எழுந்தாலே மூச்சு வாங்குகிறது. வேலையை விட்டுவிட்டு ஊருக்குள் அறை பார்த்தால், வேலை இல்லாமல் அறை எதற்கு. யோசனை ஒவ்வொரு பக்கமும் போய்ச் சுவரில் முட்டித் திரும்பியது.

உச்சி வேளைக்கு அவளுக்கு ஒரு வேலை உண்டு. நனைகிற வரிசையின் வால்வைத் திறந்து, ஓட்டைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்வது. போனாள். திறந்தாள். தண்ணீர் கண்ணாடி முழுக்க மெல்லிய தோல்போல இறங்கியது. கீழே மண் குடித்தது. தன் கணவன் குடிக்கிற தண்ணீரில் நான்கு நாள், ஐந்து நாள் என்று மனசு தானாக எண்ணத் தொடங்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திரும்பிய பக்கம் காய்கிற வரிசை. அதன் கடைசிப் பேனலில் ஒரு முகம் அவளைப் பார்த்தது.

தூசியில் விரலால் வரைந்த முகம். பெரிய மீசை, சின்னக் கண், தலைக்கு மேல் ஒரு குடை. கை அடிபட்ட மூன்றாம் நாள் கொழுந்தன் இடக்கையால் வரைந்தது. இடக்கை என்பதால் மீசை ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் கன்னம் வரை இறங்கியிருந்தது. அன்றைக்கு எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அதன்மேல் புதுத் தூசி விழுந்தது, பனி விழுந்து இறுகியது. ஆனாலும் மீசை மீசையாகவே இருந்தது.

அவள் பக்கத்தில் போய் விரலை வைத்தாள். நகத்தின் பாதி உள்ளே போனது.

இருபத்தைந்து நாளுக்கு முன்னால் வரைந்த படம் இன்னும் இருக்கிறது. அழிக்க யாருமில்லை. ஏனென்றால் யாரும் கழுவவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது என்றார்கள், அவள் படவிடவில்லை. அதே நாற்பது நாளும் பக்கத்து வரிசையை அவள் நட்சத்திரம் தெரியத் துடைத்தாள்.

மீட்டர் இரண்டுக்கும் நடுவிலிருந்த வித்தியாசத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு.

அது தண்ணீரின் கணக்கல்ல. பாதிக்கு மேல் தன் துணியின் கணக்கு.

நிழலில் உட்கார்ந்தாள். வேலையில் குறை வைக்காமல் இருந்ததுதான் அவள் செய்த தப்பு. கணவனின் பாட்டிலைப் பிடுங்கிக்கொள்ள அவளே நாற்பது நாள் மெனக்கெட்டிருக்கிறாள்.

*

இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டினாள். கொழுந்தனும் தொட்டிக்காரரும் கூட நின்றார்கள்.

"இதைக் கழுவலையா?" என்றார் இன்ஜினியர்.

"நீங்கதானே சார் ஒரு சொட்டு படக் கூடாதுன்னீங்க."

"மத்தியானம் விடக் கூடாதுன்னு சொன்னேன். காலையில வழக்கமா கழுவுறதை..." அவர் நிறுத்தினார். காலையில் கழுவுவதை அவர் பார்த்ததே இல்லை. அவர் வருவது ஒன்பது மணிக்கு. அதற்குள் எல்லாம் காய்ந்து, யாரும் தொடாததுபோல் நின்றுகொண்டிருக்கும்.

விரலால் தூசியைத் தொட்டுப் பார்த்தார். 

"தண்ணியோட குளிர்ச்சியால எவ்வளவு சார் கூடும்?" என்று அண்ணி கேட்டாள்.

"அஞ்சு. ஆறுகூட வரலாம்." மெதுவாகச் சொன்னார். "மீதி தூசி."

"அஞ்சுக்காகவா எங்க குழாயை அடைக்கிறீங்க? விடியக்காலம் ஒழுங்கா கழுவினாலே போதுமே."

"போதும்தான்." மறுபடி திரும்பிப் பார்த்தார். பின்னால் யாருமில்லை. "கணக்கு என் கையெழுத்துல போயிருக்கும்மா. இப்பத் தப்புன்னு சொன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"அனுப்புறதுக்கு உங்களுக்கு வீடு இருக்கு சார்" என்றான் கொழுந்தன்.

மூன்று மணிக்கு எல்லோருமாக ஆபீசுக்குப் போனார்கள். பதினெட்டுப் பேரும் உள்ளே போக இடமில்லை. அண்ணியும் தொட்டிக்காரரும் மேசைக்கு முன்னால் நிற்க, மற்றவர்கள் வாசலிலிருந்து வேலி வரை நின்றார்கள். உள்ளே குளிர்சாதனம் ஓடியது. அண்ணியின் ஈரத் தோள் சில்லிட்டது.

சொன்னாள். கோர்வையாகத்தான் சொன்னாள். அந்த வரிசையையும் கழுவி, ஒரு நாள், ஒரே ஒரு நாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துவிடலாம் என்றாள்.

முதலாளி பேனாவை மூடினார்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியாம்மா?"

அவளுக்குப் புரியச் சற்று நேரமானது.

"பத்து நாளுக்கு முன்னாலேயே பார்த்தேன். ஒண்ணு பளபளன்னு இருக்கு, ஒண்ணு புழுதிக்காடு. என்னை என்ன கண்ணு தெரியாதவன்னு நினைச்சியா? பணம் போடுறவனுக்குப் பெரிய எண் வேணும். அஞ்சுன்னு சொன்னா எழுந்து போயிடுவான்."

"அப்ப எங்க தண்ணி?"

"பணம் வந்தா வேலை நிலைக்கும். வேலை நிலைச்சா நீங்களும் நிலைப்பீங்க. தண்ணிக்கு அப்புறம் ஒரு வழி பார்க்கலாம்."

"அப்புறம்னா எப்பங்க? எங்க வீட்டுக்காரருக்கு நாலு நாள்கூடத் தாங்காது."

"டாக்டரைப் பாருங்க."

"டாக்டர்தாங்க தண்ணி எழுதிக் குடுத்திருக்கார்."

 முதலாளி தொட்டிக்காரரைப் பார்த்துக் கையை நீட்டினார். "வால்வுச் சாவி."

தொட்டிக்காரர் அசையவில்லை.

"குடுப்பா. நாளைக்கு விடியக்காலம் யாரும் வர வேண்டாம். ஒரு நாள் லீவு. அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் அந்த வரிசையில ஒரு கை படக் கூடாது."

இத்தனை நாளும் இடுப்பில் தொங்கிய சாவி மேசைக்கு வந்தது. சின்னச் சத்தம்தான் கேட்டது.

வெளியே வந்தபோது முதலாளியும் வந்தார். காய்கிற வரிசை வரை நடந்தார். கடைசிப் பேனலில் நின்றார்.

"இது யார் மூஞ்சி?"



"தெரியலீங்க" என்றான் கொழுந்தன். "அதுவா வந்திருக்கு."

"துடைச்சா அந்த இடம் மட்டும் பளிச்னு தெரியும்" என்று முதலாளி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இன்ஜினியரைத் திரும்பிப் பார்த்தார். "மேல மண்ணைத் தூவிவிடு."

இன்ஜினியர் குனிந்தார். கைப்பிடி மண்ணை அள்ளித் தூவினார். கண்ணாடி சரிவாக இருந்ததால் மண் நிற்கவில்லை. மறுபடி அள்ளினார். வாய் மறைந்தது. கண் இரண்டும் மறையவில்லை. மூன்றாம் முறை அவர் அள்ளித் தூவியதை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

*

மாலை குழாய் கடைசியாக ஒரு மணி நேரம் வந்தது. அறைக்கு இரண்டு குடம். யாரும் சண்டை போடவில்லை. அதுவே விசித்திரமாக இருந்தது. குழாய் மூச்சு வாங்கி, இருமி, நின்றபிறகும் நகராமல் நின்றார்கள்.

"என்ன பண்றது அண்ணி?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒண்ணும் தோணலை" என்றாள். உண்மைதான். அவளிடம் தைரியம் எதுவும் மிச்சம் இல்லை. குடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதிலிருந்துதான் அந்த நினைப்பு வந்தது. பிடிக்காத விருந்தாளிபோல வந்து நின்றது.

"தொட்டியைத்தான் பூட்டியிருக்காங்க" என்றாள். "நம்ம குடத்தைப் பூட்டலை."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியபோது மூன்றாம் அறைக்காரி இடுப்புக் குழந்தையை மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"பைத்தியமா அண்ணி? குடிக்க வச்சிருக்கிற தண்ணியைக் கொண்டுபோய் அந்தக் கண்ணாடியில ஊத்தவா?"

"நாற்பது பேனல். ஒண்ணுக்கு ரெண்டு சொம்பு. அறைக்கு ஒரு குடம் போட்டாப் போதும். பத்து மணிக்கு அவங்க வந்து மீட்டரைப் பார்க்கட்டும். ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணா நிக்கும்."

"நின்னா?"

"ஏன்னு கேட்பாங்க."

"கேட்கலைன்னா?"

"கேட்கலைன்னா ஒரு குடம் போச்சு."

"ஒரு குடம் போச்சுன்னு லேசாச் சொல்றீங்க. இவனுக்கு என்ன குடுப்பேன்?"

 

"வாய்க்கால் தண்ணியில கழுவினா?" என்று ஒருவர் கேட்டார்.

"உப்புப் பூத்துடும். இப்ப இருக்கிறதைவிட மோசமாயிடும்."

"பாதி வரிசை மட்டும் கழுவினா?"

தொட்டிக்காரர் தலையாட்டினார். சாவி இல்லாத இடுப்பில் கை வைத்திருந்தார். "வரிசை மொத்தமும் ஒரே கோர்வை. ஒரு பேனல் மூடியிருந்தாலும் மத்ததைக் கீழே இழுத்துடும். கழுவினா நாற்பதையும் கழுவணும்."

யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மறுக்கவும் இல்லை. ஒவ்வொருவராகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனார்கள். பதினோரு கதவும் சாத்திக்கொண்டன.

"வருவாங்களா?" என்று கணவன் கேட்டான்.

"தெரியலை."

"நீ போவியா?"

"நான்தானே துடைச்சேன். நான்தான் போகணும்."

*

விடிய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது அவள் ஒரு குடத்தோடு புறப்பட்டாள். கொழுந்தன் வாசலில் நின்றான், இடக்கையில் குடம். வேலிச் சந்தில் தொட்டிக்காரர். பின்னால் காலடிச் சத்தம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எண்ணப் பயமாக இருந்தது. வரிசைக்குப் போய்ச் சேர்ந்தபிறகுதான் எண்ணினாள். ஒன்பது குடம். பிறகு ஒன்று. கடைசியில் மூன்றாம் அறைக்காரி வந்தாள், குழந்தையோடு, அரைக் குடத்தோடு.

"பாதிதான்" என்றாள் கோபமாக.

"போதும்மா."

அன்றிரவு வீட்டுக்குப் போகாமல் இன்ஜினியர் தங்கியிருந்த ஆபீஸ் அறையில் விளக்கு எரிந்தது. சன்னலில் ஒரு தலை தெரிந்தது. எல்லோரும் அப்படியே நின்றார்கள். விளக்கு அணைந்தது. கதவு திறக்கவில்லை. கூப்பிடும் சத்தமும் வரவில்லை. அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

அண்ணி புறங்கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது.

குழாய்த் தண்ணீரிலேயே வேலை செய்து பழகியவர்கள். சொம்புத் தண்ணீரில் கழுவத் தெரியவில்லை. முதல் பேனலில் ஊற்றியதும் நாற்பது நாள் தூசி சேறாகிப் பரவியது. துடைத்தார்கள், சேறு இடம் மாறியது. மறுபடி ஊற்றினார்கள். ஐந்து பேனல் முடிவதற்குள் இரண்டு குடம் காலி.

"ஊத்தாதீங்க" என்றாள் அண்ணி. "துணியை நனைங்க. முதல்ல காய்ஞ்ச துணியால தட்டி எடுங்க. அப்புறம் ஈரம்."

சேலைத் தலைப்பு, துண்டு, பழைய சட்டை. பதினெட்டுப் பேரும் ஒரே வரிசையில் நின்று வேலை செய்தது அதுதான் முதல் தடவை. வழக்கமாக ஆறு கூட்டமாக ஆறு மூலையில் இருப்பார்கள். ஒருவர் மூச்சு இன்னொருவருக்குக் கேட்டது.  துணி பிழியும் சத்தம் மட்டும். பிழிந்த சேற்றுத் தண்ணீரைக்கூட வீணாக்காமல் அடுத்த பேனலின் முதல் துடைப்புக்கு வைத்துக்கொண்டார்கள். கிழக்கே வானம் சாம்பல் நிறமானது.

முப்பத்தொன்பதாவது பேனலில் கடைசிக் குடம் கவிழ்ந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

கடைசிப் பேனலில் மீசை அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தம்பி, ஓடிப்போய் எங்க வீட்டு இன்னொரு குடத்தை..." என்று யாரோ தொடங்கினார்கள்.

"நேரமில்லை" என்றார் தொட்டிக்காரர். கிழக்கு சிவந்துகொண்டிருந்தது.

அண்ணி வெறும் துணியோடு நின்றாள். நாற்பதில் ஒன்று. அந்த ஒன்று போதும், எல்லாவற்றையும் கீழே இழுத்துவிடும். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. இப்படித்தான் முடியும் என்று எங்கேயோ ஏற்கனவே தெரிந்திருந்ததுபோல இருந்தது.

வேலிப் பக்கம் யாரோ வருவது தெரிந்தது. நான்கு அடி, ஒரு நிற்றல். நான்கு அடி, ஒரு நிற்றல். இடுப்பில் ஒரு கை. மறு கையில் பாட்டில்.

"நீங்க ஏன் வந்தீங்க?"

"தூணுக்குக் குழி வெட்டினதோட சரி. பேனல் மாட்டினபிறகு நான் பார்க்கவே இல்லை." கணவன் மூச்சு வாங்கினான். பாட்டிலில் நான்கு கோடு இருந்தது. "எவ்வளவு வேணும்?"

"வேண்டாம். வேண்டாங்க. அது வேண்டாம்."

"அண்ணே, திரும்பிப் போங்க" என்றான் கொழுந்தன். 

கணவன் யாரையும் கேட்கவில்லை. அவள் தோளிலிருந்து துணியை எடுத்தான். பாட்டிலைச் சாய்த்தான். கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, சரியாக ஒரு கோடு இறங்கும்வரை ஊற்றினான். மூடியைத் திருகினான். பிறகு அந்த மீசையைப் பார்த்தான்.

"இவ்வளவு நல்ல தண்ணியில" என்றான், "இந்த ஆளு மூஞ்சியைக் கழுவ வேண்டியிருக்கே."

முதலில் மூன்றாம் அறைக்காரிதான் சிரித்தாள். குழந்தை அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. பிறகு எல்லோரும். சத்தமில்லாமல், தோள் குலுங்க, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு.

அண்ணி துணியை வாங்கினாள். குடையிலிருந்து தொடங்கி மேலிருந்து கீழே இழுத்தாள். கண் போனது. மீசை கடைசியாகப் போனது.

"போகட்டும் அண்ணி" என்றான் கொழுந்தன். "மறுபடி வரைஞ்சுக்கலாம். தூசிக்கா பஞ்சம்?"

வெயில் வந்தது. முதலில் மேல் விளிம்பு, பிறகு மெல்லக் கீழே. நனைகிற வரிசையும் காய்கிற வரிசையும் ஒன்றுபோல நின்றன. கம்பத்தில் இரண்டு மீட்டரும் கண் விழித்தன. எண்கள் இன்னும் சின்னதாக இருந்தன. யார் வருவார்கள், வந்தாலும் மீட்டரைப் பார்ப்பார்களா, பார்த்தாலும் கேட்பார்களா, எதுவும் தெரியாது. குழாய் அடைத்தே இருந்தது. பதினோரு அறையில் பத்தரைக் குடம் குறைந்திருந்தது. ஒரு பாட்டிலில் மூன்று கோடு மிச்சம்.

அன்றைக்கு லீவு என்று சொல்லியிருந்தார்கள். யாரும் போகவில்லை. வரிசையின் முன்னால் மண்ணில் உட்கார்ந்தார்கள், காலிக் குடங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கணவனைத் தூணில் சாய்த்து உட்காரவைத்தார்கள். அவன் வெட்டிய குழியில் நின்ற தூண்.

தூரத்தில் சாலையில் புழுதி எழுந்தது.

"முதலாளிதான். சீக்கிரம் வர்றார்" என்றார் தொட்டிக்காரர்.

அண்ணி எழுந்து கண்ணாடியில் புறங்கையை வைத்தாள். சூடு ஏறத் தொடங்கியிருந்தது.

"இனி இதுல யாரும் தண்ணி விட்டுச் சேறு பூச முடியாது" என்றாள். "மண்ணைத் தூவணும்னா நம்மைத் தாண்டி வரணும்."

மூன்றாம் அறைக்காரி குழந்தையை அண்ணியின் கணவன் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். வந்து பக்கத்துப் பேனலின் முன்னால் நின்றாள். பிறகு இன்னொருவர். பேனல் நாற்பது, ஆள் பதினெட்டு. ஒன்றுவிட்டு ஒன்றாக, கை நீட்டினால் அடுத்தவர் கை எட்டுகிற தூரத்தில், வரிசை முழுக்க நின்றார்கள்.

புழுதி வாசலுக்கு வந்து நின்றது.